மகன் பேசாமல் நிற்கிறான்

கோம் ஓம்போ
1 மார்ச் 1963

திருமதி இன்சாஃப் ஷாகிர் அவர்களுக்கு,

ஆறு வருடம் கழித்து உங்கள் தம்பி ஃபிக்ரி எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான். அந்தப் பெண்கள் பத்திரிகையில் மாதாமாதம் 'வீட்டு மேடை' என்று ஒரு பக்கம் வருகிறதே, குடும்பத்தோடு வீட்டிலேயே நடிக்க ஒரு குட்டி நாடகம். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், சாமான்களைச் சமையலறையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே போட்டு, கீழே 'ஒரு இல்லத்தரசி' என்று பெயர். அந்த இல்லத்தரசி நீங்கள்தானே?

இல்லை என்று எழுதாதீர்கள். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

நான் இங்கே சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் குமாஸ்தா. தௌஃபீக் என்று பாகு காய்ச்சும் பிரிவில் மேஸ்திரி, அவர் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு உங்கள் பக்கம் என்றால் உயிர். ஈத் மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்தில் போர்வை கட்டிவிட்டார்கள். தௌஃபீக்கின் தம்பிக்கு அன்று ஆலையில் முறை. அரவைக் காலம், ஈத் என்றாலும் ஆலை நிற்காது. தௌஃபீக்கின் மனைவி ஜீனத் அம்மாள் மாடிப்படியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"உஸ்தாத் ஃபிக்ரி, ஒரு ஆள் குறையுது. வந்து சும்மா நில்லுங்க போதும். பையன் வேஷம், அவனுக்குப் பேச்சே கிடையாது. கடைசில பெட்டியத் தூக்கிட்டுப் போகணும், அவ்ளோதான்."

என்ன நாடகம் என்றுகூடக் கேட்காமல் இறங்கிப் போனேன். இரண்டு நாற்காலிதான் வாசல். அந்தப் பக்கம் அக்கா வேஷத்தில் அவர்கள் மகள் கௌசர், பதினாறு வயது. அவளுக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு, அப்பா வேஷத்தில் அவள் பெரியப்பா. எதிரே பதினாறு பேர் ஈத் பலகாரம் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினாள்: "நீ அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வரலடா, குழிக்குக் கூட்டிட்டு வந்தே!"

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள் 'பாவி' என்றார். என்னைத்தான்.

அந்த வாக்கியம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொன்னது நீங்கள். வாங்கிக்கொண்டது நான். கோப்பையோடு பின்னால் நின்றது அப்பா. மறுநாள் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'மகன் பேசாமல் நிற்கிறான். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். நானும் வெளியேறினேன். பெட்டியோடு தெருவில் இறங்கி, கரும்பு வண்டிகள் நிற்கிற தண்டவாளம் வரை போய்விட்டேன். அது தௌஃபீக்குடைய பெட்டி. அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் உயிர் போய்விட்டது.

என் அம்மாவின் சாவை அச்சில் போட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

ஃபிக்ரி


அலெக்ஸாண்ட்ரியா
7 மார்ச் 1963

ஃபிக்ரி,

'அவர்களுக்கு' என்றும் 'நீங்கள்' என்றும் எனக்கு எழுதாதே. திட்ட வேண்டுமென்றால் நீ என்று திட்டு. உனக்குச் சட்டை பொத்தான் போட்டுவிட்டவள் நான்.

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். முதல் வருஷம் உன் சூயஸ் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் திரும்பி வந்தன. நீ உயிரோடு இருக்கிறாய், கோம் ஓம்போவில் கரும்பு எடை போடுகிறாய் என்பதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அதுவும் சண்டைக்கு வந்ததால்.

ஆமாம், நான்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் மஹாசினுக்கு அம்மை போட்டிருந்தது. படுக்கையில் அழுதுகொண்டே இருந்தாள் என் பெண். அம்மா வியாழக்கிழமைகளில் நமக்குப் போட்டுக் காட்டியதுபோல ஒன்றை எழுதி, நானும் ஷாகிரும் அப்பாவும் அவள் கட்டிலுக்கு முன்னால் நடித்தோம். ஷாகிர் அதை என்னிடம் சொல்லாமல் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். இதோடு பதினான்கு ஆகிறது. கழுதை வியாபாரி, கஞ்ச மாமனார், மருமகளின் முதல் சமையல், எல்லாம் சிரிப்பு நாடகங்கள்தான். இது ஒன்றுதான் அப்படி இல்லை. பத்து மாதம் கையில் வைத்திருந்தேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, என்ன வியாதி என்றுகூடப் போடவில்லை.

உன் அம்மாவா? எனக்கும் அவள்தான் அம்மா.

ஒன்பது நாளில் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்திருந்தார். பிழைக்க வழி இருக்கிறது என்றார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கட்டில் காலி. வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார் மகன் என்கிறார்கள். மூன்றாம் நாள் அவள் இல்லை. அடக்கம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு வாசலில் வைத்து ஏன் என்று கேட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னாயா? நின்றாய். நீ நின்றதைத்தான் எழுதினேன். நான் பார்த்ததற்கு மேல் ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு. எங்களோடுதான் இருக்கிறார். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றையும் வீட்டில் நடித்துப் பார்ப்போம். இதில் அவருக்கு அப்பா வேஷம் கொடுத்தேன். வசனமே இல்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்தேன். பாதியில் குளியலறைக்குள் போனவர் நாங்கள் போர்வையை மடித்து வைக்கும்வரை வெளியே வரவில்லை. அம்மா நினைவு போலும் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அவரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டட்டுமா?

இன்சாஃப்


கோம் ஓம்போ
12 மார்ச் 1963

அக்கா,

காட்டாதே. ஏன் என்று கேட்காதே, காட்டாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு வண்டியின் எண்ணை எடைக் கட்டத்திலும் எடையை எண் கட்டத்திலும் எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். எழுதிய பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன், அதிலும் தப்பு. ஊரை விட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எனக்கு அது புதிதில்லை. சூயஸ், மின்யா, சோஹாக், இப்போது இங்கே. எங்கே போனாலும் ஒரு வருடம் ஆனால் கால் அரிக்க ஆரம்பிக்கிறது.

மஹாசினுக்கு இப்போது என்ன வயது? நான் கிளம்பும்போது ஆறு. என்னை நினைவிருக்கிறதா அவளுக்கு?

குளியலறையில் அப்பா எவ்வளவு நேரம் இருந்தார்?

நீ எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. நாடகம் எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன். நீ அதைச் சொன்னதும் மகன் உடனே போய்விடவில்லை. காத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வானொலியில் செய்தி முடிந்து பாட்டு ஆரம்பித்தது, அதுவரை நின்றான். உனக்கு அப்போது கண்ணைக் கோபம் மறைத்திருந்தது. அவன் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம். அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

ஃபிக்ரி


அலெக்ஸாண்ட்ரியா
17 மார்ச் 1963

ஃபிக்ரி,

அப்பாவின் கண்ணைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். நேற்று பத்திரிகை அலுவலகத்திலிருந்து வாசகர் கடிதங்களை ஒரு கட்டாக அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

'மதிப்புக்குரிய இல்லத்தரசி அம்மா அவர்களுக்கு, கோம் ஓம்போவிலிருந்து கௌசர் தௌஃபீக் எழுதுவது. உங்கள் "வாசலில் ஒரு நிமிடம்" நாடகத்தை ஈதுக்கு எங்கள் வீட்டில் போட்டோம். நான்தான் அக்கா. எங்கள் மாடியில் குடியிருக்கும் மாமா மகனாக நடித்தார். நான் என் வரியைச் சொன்னதும் அவர் பேசாமல் நிற்க வேண்டும். ஆனால் அவர் வெகுநேரம் நின்றுவிட்டு, "அப்பாதான் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றார். சத்தமாகக்கூட இல்லை. சொல்லிவிட்டுப் பெட்டியோடு நிஜமாகவே தெருவில் இறங்கிப் போய்விட்டார். அப்பாவாக நடித்த எங்கள் பெரியப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டார். எங்கள் அம்மா அழுதுவிட்டார். அம்மா சுலபத்தில் அழுகிறவர் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி அச்சிட்டால் நாடகம் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து. நான் எழுதியதாக அவரிடம் சொல்லிவிட வேண்டாம். ரொம்பக் கூச்ச சுபாவம் அவருக்கு.'

உன் முதல் கடிதத்தில் தெருவில் இறங்கியது இருக்கிறது. பெட்டி இருக்கிறது. தண்டவாளம்கூட இருக்கிறது. இந்த வரி இல்லை.

இது நடிப்பா, நடந்ததா? ஒரே வார்த்தையில் எழுது.

இன்சாஃப்


கோம் ஓம்போ
21 மார்ச் 1963

அக்கா,

நடிப்பு.

அந்தப் பெண்ணுக்கு சினிமாப் பைத்தியம். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வாள். நின்றுகொண்டே இருப்பது சங்கடமாக இருந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். வேறொன்றும் இல்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கிழித்துவிட்டாய் என்று எனக்கு எழுது. கட்டாயம் எழுது.

ஃபிக்ரி


அலெக்ஸாண்ட்ரியா
1 ஏப்ரல் 1963

தம்பி ஃபிக்ரிக்கு,

கிழிக்கவில்லை. தையல் மெஷினின் இழுப்பறையில் வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மஹாசின் ஊசி தேடப் போய் அதை எடுத்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம், பருப்பு சூப் ஆறிக்கொண்டிருக்கிறது, அவள் நின்றபடி நாடகம்போல ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறாள். பாதி வந்தபிறகுதான் எது என்று எனக்குப் புரிந்தது. பிடுங்குவதற்குள் அந்த வரியை வாசித்துவிட்டாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். 

வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்தார். கழுதை வியாபாரியைப் போடலாம் என்று நாங்கள் போர்வை கட்டிக்கொண்டிருந்தோம்.

"அது வேணாம். அந்த வாசல் நாடகத்தப் போடுங்க" என்றார்.

"அதுல உங்களுக்குப் பேச்சே இல்லையேப்பா."

"நான் அப்பா இல்ல. பையன் வேஷம் நான் போடறேன்."

ஷாகிர் சிரித்தார். மஹாசின் கை தட்டினாள். எழுபத்து நான்கு வயசு மகன்! எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, போர்வையின் மறுமுனையைக் கட்டினேன். கோப்பையை ஷாகிரிடம் கொடுத்தோம். அப்பா தன் பெட்டியைத் தானே கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். மஹாசின் பக்கத்து வீட்டுக்காரி. அக்கா நான்.

அந்த வாக்கியத்தை அப்பாவின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருந்தது, ஃபிக்ரி. சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது.

அவர் நின்றார். நீ நின்ற அதே இடம். எங்கள் வீட்டு வாசலும் அதே வாசல்தானே. பெட்டியை எடுக்கவில்லை. என் தோளுக்கு மேலே, ஷாகிரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் நீ எழுதியது எனக்குப் புரிந்தது, 'அவன் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை' என்று. அப்பா ஷாகிரைப் பார்த்துச் சொன்னார்:

"பேசுய்யா. வாயத் திற. உன்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கறான், தெரியலியா?"

பாவம் ஷாகிர். பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வசனம் எதுவும் போடலியே மாமா" என்றார்.

"போட மாட்டா. அன்னிக்கு அப்பன் பேசினாத்தானே இவ எழுதுவா."

அப்புறம் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே என்னிடம் சொன்னார்: "நான்தான் சொன்னேன், இன்சாஃப். கூட்டிட்டு வான்னு அவன்கிட்ட சொன்னது நான்தான். உன்கிட்ட நான் பேசிக்கறேன்னும் சொன்னேன்."

மஹாசின் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினாள்.

நான் சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினேன். இன்றோடு நான்கு நாள். அவருக்குச் சாப்பாடு வைக்கிறேன், துணி துவைத்துப் போடுகிறேன். பேச மட்டும் முடியவில்லை. அவர் உன்னிடம் வரவேண்டும் என்கிறார். ஒரு நாள் முழுக்க ரயில், இந்த வயதில் முடியாது என்று ஷாகிரை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

நீ ஏன் சொல்லவில்லை? ஆறு வருஷம்! ஒரு தபால் அட்டை போதுமே. ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என்னை ஏன் இப்படி ஆக்கி வைத்தாய்?

இன்சாஃப்


கோம் ஓம்போ
5 ஏப்ரல் 1963

அக்கா,

ஆக, சொல்லிவிட்டார். நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆலையின் சுற்றுச்சுவரை மூன்று தடவை சுற்றி வந்தேன், காவல்காரன் என்ன காணவில்லை என்று கேட்டான்.

முழுவதையும் எழுதிவிடுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

அன்று மத்தியானம் அப்பா என் அலுவலக வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியலடா. அவ இல்லாத சமையலறைக்குள்ள கால் வெக்கவே பயமா இருக்கு. கூட்டிட்டு வந்துடு. இன்சாஃப்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். நாற்பது நாளாக அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா அழுது அன்றுதான் நான் பார்த்தேன்.

ஆனால் ஒன்று, அக்கா. இப்போது எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிடாதே. 'அசைக்கக் கூடாது' என்று டாக்டர் சொன்னது என்னிடம். 'என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டது நான். பேனா என்னுடையது. அவர் சொன்னார், நான் செய்தேன், இரண்டும் நடந்தது. அதனால்தான் ஒரு தபால் அட்டையில் எழுத முடியவில்லை. 'அப்பா சொன்னார்' என்று எழுதினால் பாதிதான் உண்மை. அதுவுமில்லாமல், அவர் வாயிலிருந்து அது வரவேண்டும் என்று காத்திருந்தேன். முதலில் ஒரு வாரம் என்று நினைத்தேன். பிறகு நோன்புக்குள் வரும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டு ஊர் மாற்ற ஆரம்பித்தேன்.

உனக்குத் தெரியாத இன்னொன்று. அம்மாவிடம் கிளம்பலாம் என்றதும், "யாரு சொன்னது?" என்றாள். "நான்தாம்மா" என்றேன். "பொய் சொல்லாதடா, உங்கப்பாதானே? அந்த மனுஷனுக்கு ஒரு டீ போடத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள். தலை வாரிவிடச் சொன்னாள். டாக்ஸியில் ஏறியதும், நேரே வீட்டுக்கு வேண்டாம், கடற்கரை ரோடு வழியா போ என்றாள். அன்று காற்று பலமாக இருந்தது, அலை ரோடு வரைக்கும் வந்து தெறித்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லி முகத்தை வெளியே நீட்டினாள். உப்புத் தண்ணீர் முகத்தில் பட்டதும் சின்னப் பெண்போலக் கத்தினாள். அந்த இருபது நிமிடமும் அவளுக்கு வலி இருந்ததாகவே தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நான் செய்ததை நியாயப்படுத்துவதாக ஆகிவிடும் என்று பயம். ஆனால் அது நடந்தது. நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவை அனுப்பாதே. அவரை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவேன்? வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. அவரிடம் நீ பேசு. நான்கு நாள் போதும், இன்சாஃப். ஒரு வீட்டில் பேச்சு நின்றால் எவ்வளவு நாளாகும் என்று எனக்குத் தெரியும்.

ஃபிக்ரி


அலெக்ஸாண்ட்ரியா
10 ஏப்ரல் 1963

ஃபிக்ரி,

இதற்குமுன் தந்தி வந்து சேர்ந்திருக்கும். அப்பா கிளம்பிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில், ஷாகிர் டிராம் பணிமனையில். மஹாசின் வந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் பெட்டி இல்லை. மேஜைமேல் ஒரு காகிதம்: 'ரயிலுக்குப் போகிறேன். மருந்து எடுத்துக்கொண்டேன். தேட வேண்டாம்.' நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு அடித்த மனிதர், கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஷாகிர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். வண்டி போய்விட்டது. கெய்ரோவில் வண்டி மாற வேண்டும். அந்தக் கூட்டத்தில் அவர் எப்படி மாறுவார்? நான் பேசாததால்தான் போனார். நேற்றுக்கூட அவர், "சூப்புல உப்பு சரியா இருக்கு" என்றார், சும்மா, நான் ஏதாவது சொல்லட்டும் என்று. நான் தலையை ஆட்டினேன்.

ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன், நடுவில் நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பத்திரிகைக்குப் போய் ஆசிரியை அம்மாளைப் பார்த்தேன். அந்த இதழைத் திரும்ப வாங்கிவிட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னம்மா நீங்க, தன்தாவுலேர்ந்து, ஃபயூம்லேர்ந்து, போர்ட் சயீத்லேர்ந்தெல்லாம் கடிதம் வந்துக்கிட்டே இருக்கு. எல்லா வீட்டுலயும் இதத்தான் போடறாங்க" என்றார், சந்தோஷமாக. ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கோ ஒரு கூடத்தில் ஒரு பெண் உன்னைப் பார்த்து விரல் நீட்டுகிறாள். நீ பேசாமல் நிற்கிறாய். நான் எழுதியதுதான். என்னால் நிறுத்த முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பத்து மாதம் அதைத் திருத்தித் திருத்தி எழுதினேன் இல்லையா, ஒவ்வொரு தடவையும் அப்பா கையில் கோப்பையை எழுதினேன். அன்று அவர் கையில் இருந்தது, எழுதினேன். அவர் ஏன் அங்கே நிற்கிறார், ஏன் ஒன்றும் பேசவில்லை என்று எழுதியவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

கடற்கரை ரோடு பற்றி நீ எழுதியதை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் எழுத ஆரம்பித்தேன், உனக்கு. நான்கு தாள் ஆரம்பித்து நான்கையும் கசக்கிப் போட்டுவிட்டேன்.

அவர் வந்து சேர்ந்ததும் தந்தி அடி. உடனே அடி.

இன்சாஃப்


கோம் ஓம்போ
16 ஏப்ரல் 1963

அன்புள்ள அக்கா,

ஐந்து நாள் முன்பு அடித்த தந்தியில் 'நலமாக வந்தார்' என்று சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

கம்பளிக் கோட்டோடு இறங்கினார். இந்த வெயிலில்! முகமெல்லாம் புழுதி, பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. கெய்ரோவில் ஒரு சிப்பாய் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் நடைமேடையிலேயே நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார். நீதிமன்றத்தில் எழுந்து நிற்கிற மாதிரி. ரயில் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். "ஃபிக்ரி, ஆறு வருஷத்துக்கு முன்னால..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டது. மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. எங்களைச் சுற்றிக் கோழிக்கூடையும் மூட்டையுமாக ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள்.

"மறந்துபோச்சுடா" என்றார்.

"வாங்கப்பா, முதல்ல கோட்டக் கழட்டுங்க" என்றேன். 

நான்கு நாள் நாங்கள் இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசினோம். ஒரே அறை, இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. அவர் உட்கார்ந்தால் நான் எழுந்திருப்பேன், நான் உட்கார்ந்தால் அவர் ஜன்னலுக்குப் போவார். ஆலையில் எனக்கு வேலை முடிந்தாலும் வீட்டுக்கு வராமல் வண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். ஜீனத் அம்மாள்தான் அவருக்குக் கீழேயிருந்து சாப்பாடு அனுப்பினார். கௌசருக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. சூட்டிகையான பெண். மாடிப்படியில் அவரை மடக்கி, "தாத்தா, உஸ்தாத் மேல உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, அவனுக்குத்தான் என்மேல" என்றாராம். "அப்ப கோபப்பட விடுங்க. எங்கப்பா அப்படித்தான் விட்டுடுவார், ஒரு நாள்ல போயிடும்" என்றாளாம். இவர் அதை என்னிடம் வந்து அப்படியே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நேற்று வசந்தப் பண்டிகை. எல்லோருமாக ஆற்றங்கரைக்குப் போவதாக ஏற்பாடு, உப்பு மீன், வெங்காயம், சாயம் போட்ட முட்டை எல்லாம் கீழே கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் அப்பா கண்ணாடிமுன் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்துவிட்டது, இன்னொரு பக்கம் சோப்பு நுரை. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னிக்கு வாசல்ல நான் பேசியிருக்கணும்டா."

ஆறு வருடமாக இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன், அக்கா. 'பரவாயில்லப்பா, விடுங்க' என்று சொல்ல வேண்டும். நான்கு ஊரில் தனியாக நடந்து போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நேற்று அது நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை.

"ஆமாப்பா. பேசியிருக்கணும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, அழவும் இல்லை. எனக்கு என்னவோ மார்பிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து வைத்ததுபோல இருந்தது, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கத்தியைத் திரும்பக் கன்னத்துக்குக் கொண்டுபோனார், வழித்த இடத்தையே மறுபடி மறுபடி வழித்தார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கத்தியை வாங்கி மறுபக்கத்தை முடித்துவிட்டேன். தாடைக்குக் கீழே ஒரு சின்னக் கீறல். காகிதம் ஒட்டிக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்தார். உப்பு மீனை உன் வீட்டில் விடமாட்டாயாமே, இங்கே இரண்டு துண்டு சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வாரம் இருக்கிறேன் என்கிறார். அரவை முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, எனக்கு லீவு கிடையாது. அவரைக் கூட்டிப்போக நீ வா. ஷாகிர் அத்தானை அனுப்பாதே, நீதான் வரவேண்டும். மஹாசினையும் கூட்டி வா.

நீ கசக்கிப் போட்ட தாள்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை எனக்கு எழுதாதே, அக்கா. எழுதினால் நன்றாக எழுதிவிடுவாய். நேரில் வந்து, என் எதிரே நின்று, திக்கித் திணறிச் சொல். எவ்வளவு நேரமானாலும் நான் நிற்கிறேன்.

உன் தம்பி
ஃபிக்ரி